கூண்டுக்கிளியும் குத்துவாளும்

யஷ்வந்த்பூர் என்றால் ரயில் பிடிப்பவர்களுக்குப் பிளாட்பாரம். மொத்த வியாபாரிகளுக்கு வெங்காய மண்டி. பழங்காசு சேகரிப்பவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது 1891ஆம் ஆண்டு. பெங்களூரின் இந்த வடமேற்கு மூலையில் அந்த ஆண்டு மண்ணுக்குள்ளிருந்து 163 வெள்ளிக் காசுகள் வெளிவந்தன. அத்தனையும் ரோமானியக் காசுகள். அகஸ்டஸ், திபேரியஸ், கிளாடியஸ் என்று வரிசையாகப் பேரரசர்களின் தலைகள். 1965இல் நகரின் மறுகோடியில், ஹெச்.ஏ.எல். விமான நிலையப் பகுதியில், இன்னொரு புதையல்: 256 காசுகள்.

பெங்களூர் என்று ஒரு நகரமே இல்லாத காலத்துப் பணம் இது. யவனர்கள் பொன்னைக் கொட்டி மிளகை அள்ளிச் சென்றதைச் சங்கப் பாடல்கள் வழியே தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். கரூரிலும் கோவை வட்டாரத்திலும் பானை பானையாகக் கிடைத்த காசுகள் அதற்குச் சாட்சி. ஆனால் யவனர்கள் பொன்னோடும் வெள்ளியோடும் தங்கள் வீட்டுச் சண்டையையும் சேர்த்து அனுப்பினார்கள் என்பது அந்தப் பாடல்களில் இல்லை.

இந்தியாவில் கிடைக்கும் அகஸ்டஸ் காலத்து வெள்ளிக் காசுகளில் ஒரு வகை மிக அதிகம். ஒரு பக்கம் பேரரசரின் தலை. மறுபக்கம் இரண்டு இளைஞர்கள் கேடயமும் ஈட்டியுமாக நிற்கிறார்கள். மகள் வயிற்றுப் பேரன்களான கையஸும் லூசியஸும்தான் அவர்கள். அகஸ்டஸ் அவர்களைத் தத்தெடுத்துத் தன் வாரிசுகள் என்று உலகத்துக்கே அறிவித்த விளம்பரம் அந்தக் காசு. லூசியஸ் கி.பி. 2இல் இறந்தான், கையஸ் கி.பி. 4இல். இருவருக்கும் சாகிற வயதில்லை. அகஸ்டஸின் மனைவி லிவியாவின் கை இதில் உண்டு என்று ரோமில் பேசிக்கொண்டதை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் நாசூக்காகப் பதிவு செய்திருக்கிறார். சிம்மாசனம் போனது யாருக்கு? லிவியாவின் முதல் கணவருக்குப் பிறந்த திபேரியஸுக்கு. இந்தியாவில் மிகுதியாகக் கிடைக்கும் திபேரியஸ் காசின் பின்புறத்தில் ஒரு பெண்மணி கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். அவர் லிவியாதான் என்பது அறிஞர்கள் பலரது கருத்து.

செத்துப்போன வாரிசுகளும் அவர்களுக்கு அடுத்து வந்தவரும் ஒரே பானைக்குள். அந்தப் பானையைப் பெங்களூர் மண் பத்திரமாக வைத்திருந்தது. அந்தத் தலைகளைச் சுற்றிய கதைகளில் பல, சுமார் 1,700 ஆண்டுகள் கழித்து, இந்த ஊரையும் இங்கிருந்து ஒரு நாள் குதிரைப் பயணத்தில் இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் மேடையாக்கி, வேறு உடுப்பில் மறுபடி நடந்தன. அந்த மேடையில் மிச்சம் இருப்பதைப் பார்க்க யஷ்வந்த்பூரில் பச்சை மெட்ரோவில் ஏறினால் போதும். வண்டி மாற வேண்டியதில்லை. மெஜஸ்டிக், சிக்பேட்டை தாண்டி கிருஷ்ணராஜேந்திரா மார்க்கெட்டில் இறங்கலாம்.

மேலே வந்ததும் முகத்தில் அடிப்பது சாமந்தி வாசனை. ஓசூர், ராயக்கோட்டைப் பக்கமிருந்து விடியுமுன் வந்து சேரும் பூ. இந்த மார்க்கெட்டில் தமிழ் தெரியாமல் பூ வாங்கலாம். தமிழ் காதில் விழாமல் வாங்க முடியாது. கோட்டைக்கு எப்படிப் போவது என்று ஒரு பூக்கார அம்மாளிடம் கேட்டேன்.

“ஆஸ்பத்திரிப் பக்கம் போங்கக்கா. அங்க என்ன இருக்குது? ஒரு கதவு, ஒரு புள்ளையார் கோயிலு. பத்து நிமிசத்துல வந்துடுவீங்க.”

அவர் சொன்னது சரிதான். கெம்பே கௌடா 16ஆம் நூற்றாண்டில் மண்ணால் எழுப்பி, ஹைதர் அலி 1761இல் கல்லால் மாற்றிக் கட்டத் தொடங்கிய கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது டில்லி வாசலும் அதை ஒட்டிய சிறு பகுதியும்தான். மற்றதைச் சாலைகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் தின்றுவிட்டன. ஆனால் பாக்கி இருக்கும் அந்த வாசல் அழகு. உயரமான மரக் கதவில் இரும்பு முட்கள். உள்ளே சுண்ணாம்புச் சுதையில் கொடிகளும் கிளிகளும். கிளிகளைக் கவனித்து வையுங்கள்.

ஹைதர் அலி அரசகுலத்தில் பிறந்தவரல்ல. எழுதப் படிக்கத் தெரியாது. இன்றைய சர்வதேச விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் தேவனஹள்ளியின் முற்றுகையில் 1749இல் பெயரெடுத்த சிப்பாய். அப்போது மைசூரில் அரசர் என்று ஒருவர் இருந்தார்: இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார். ஆனால் ஆண்டது அவரல்ல. தளவாய் தேவராஜரும் அவர் தம்பி நஞ்சராஜரும். ஹைதரைக் கைதூக்கிவிட்டவர் நஞ்சராஜர். சம்பளம் கிடைக்காத படையும் காலியான கஜானாவும் சேர்ந்து அந்தச் சகோதரர்களைக் கவிழ்த்தபோது, படை ஹைதரின் பின்னால் நின்றது. 1759இல் நஞ்சராஜர் வெளியேறினார். வெளியேற்றியது அவர் வளர்த்த ஹைதர்.

இங்கேதான் அகஸ்டஸ் நினைவுக்கு வருகிறார். ரோமில் ‘அரசன்’ என்பது வசைச்சொல். ஜூலியஸ் சீசர் கி.மு. 44 பிப்ரவரியில், திருவிழாக் கூட்டத்தின் நடுவே, ஆன்டனி நீட்டிய முடியை மறுத்தார். ஆனால் மறுத்த விதம் சரியில்லை என்று பலருக்குத் தோன்றியது. ஒரே மாதத்தில், மார்ச் 15 அன்று, 23 குத்துகள். அவரது தத்துப்பிள்ளையான அகஸ்டஸ் அந்தச் சடலத்திலிருந்து பாடம் கற்றுக்கொண்டார். செனட் இருந்தது, தேர்தல் நடந்தது, பழைய பதவிகள் எல்லாம் பழைய பெயரிலேயே தொடர்ந்தன. தன்னை ‘முதல் குடிமகன்’ என்று மட்டும் அழைத்துக்கொண்டார். அப்படியே 40 ஆண்டுகள் ஆண்டு, படுக்கையில் இறந்தார். ஹைதரும் கடைசிவரை மைசூர் அரசர் ஆகவில்லை. ஒவ்வொரு தசராவுக்கும் உடையார் வம்சத்தவர் ஒருவரைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்து ஜனங்களுக்குக் காட்டினார். விழா முடிந்ததும் அரசர் உள்ளே போய்விடுவார். காவல் வெளியே நிற்கும்.

ஆனால் அந்த நிலைக்கு வருமுன் ஹைதர் எல்லாவற்றையும் ஒருமுறை இழந்தார். அவரிடம் கண்டே ராவ் என்று ஒரு காரியஸ்தர் இருந்தார். கணக்கு அவருடையது; கடிதம், உளவு, பேரம் எல்லாம் அவருடையது. எழுத்தறியாத எஜமானுக்கு அவர் கையும் கண்ணும். நஞ்சராஜர் போனபின் ராஜ்ஜியத்தின் பிரதானியாக அவரை உட்காரவைத்தவரும் ஹைதரே. 1760இல் ஹைதரின் படை பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவியாகப் புதுச்சேரிப் பக்கம் போயிருந்தது. அரண்மனை அந்த நேரத்தைப் பார்த்தது. அரசரின் குடும்பமும் கண்டே ராவும் கைகோத்து, மராட்டியப் படையையும் துணைக்கு அழைத்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைப் பீரங்கிகள் ஹைதரின் முகாமை நோக்கித் திரும்பின. கட்டளையிட்டது கண்டே ராவ்.

இரவோடு இரவாகக் குடும்பத்தை விட்டுவிட்டு, சில குதிரைவீரர்களோடு காவிரியைக் கடந்தார் ஹைதர். விட்டுச் சென்ற குடும்பத்தில் சிறுவன் திப்புவும் இருந்தான். ஆனேக்கல் வழியாக பெங்களூர். இந்தக் கோட்டையை அவரது பழைய சிநேகிதர் கபீர் பேக் கைவிடாமல் காத்துக் கொடுத்தார்; ஊர் சாவுகார்கள் கடன் கொடுத்தார்கள். மராட்டியருக்குப் பணமும் பாரமகாலும் தருவதாகப் பேசி அவர்களை ஊருக்கு அனுப்பினார் ஹைதர். பாரமகால் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம். பூக்கார அம்மாளின் ராயக்கோட்டையும் அதில் அடக்கம். பணம் போய்ச் சேர்ந்தது. பாரமகால் போகவில்லை. அப்போது மராட்டியருக்குப் பானிப்பட்டில் வேறு பெரிய தலைவலி இருந்தது.

இருந்தும் நஞ்சன்கூடு அருகே நடந்த சண்டையில் ஹைதர் தோற்றார். அதற்குப் பிறகு அவர் செய்ததை ஷேக்ஸ்பியர் கேட்டிருந்தால் ஐந்து அங்கம் எழுதியிருப்பார். தான் விரட்டிவிட்ட நஞ்சராஜரின் வீட்டு வாசலில் போய் நின்று காலில் விழுந்தார். என் நன்றிகெட்டதனத்துக்குத்தான் இந்தத் தண்டனை, பழையபடி எனக்கு எஜமானராக இருங்கள் என்று அழுதார். நஞ்சராஜர் இளகினார். படையும் தன் பெயரும் கொடுத்தார். அந்தப் பெயர்தான் ஹைதருக்கு வேண்டியிருந்தது. கண்டே ராவின் தளபதிகளுக்கு நஞ்சராஜரின் முத்திரையோடு கடிதங்கள் தயாராயின. கண்டே ராவைப் பிடித்துக் கொடுப்பதாக நீங்கள் ஒப்புக்கொண்டபடி செய்யுங்கள், சன்மானம் காத்திருக்கிறது என்ற மாதிரி வாசகம். அப்படி யாரும் ஒப்புக்கொண்டிருக்கவே இல்லை. கடிதங்கள் போய்ச் சேரவேண்டியதும் அந்தத் தளபதிகளிடம் அல்ல. வழியில் கண்டே ராவிடம் அகப்படவேண்டும். அகப்பட்டன. எல்லோரும் தன்னை விற்றுவிட்டார்கள் என்று நம்பிய கண்டே ராவ் சொந்தப் படையை விட்டு ஓடினார். தலைவன் இல்லாத படையை ஹைதர் அடித்து நொறுக்கினார். எழுதத் தெரியாதவர், வாழ்நாளெல்லாம் கடிதம் எழுதியவரைக் கடிதத்தாலேயே வீழ்த்தினார்.

யஷ்வந்த்பூர்ப் பானையிலிருந்த திபேரியஸுக்கும் கடிதம்தான் ஆயுதம். அவர் காப்ரித் தீவுக்குப் போய் ஒதுங்கிக்கொண்டபோது ரோமில் அவர் பெயரால் ஆண்டவன் காவல்படைத் தலைவன் செஜானஸ். அவனுக்குச் சிலைகள், அவன் வாசலில் செனட்டர்கள். கி.பி. 31 அக்டோபர் 18 அன்று காப்ரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உனக்குப் புதிய அதிகாரம் வருகிறது என்று காதில் ஓதி அவனை செனட்டுக்கு வரவழைத்தார்கள். கடிதம் நீளம். வேறு விஷயத்தில் ஆரம்பித்து, இடையே அவனைப் பற்றி லேசாக ஒரு குறை, மறுபடி வேறு விஷயம், மறுபடி ஒரு குறை என்று வளைந்து வளைந்து, கடைசியில் கைது செய்யுங்கள் என்று முடிந்தது. வாசிக்க வாசிக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நகர்ந்தார்கள். அன்றே கொன்றார்கள். இதை பென் ஜான்சன் 1603இல் நாடகமாக்கினார். அதில் நடித்தவர்களின் பட்டியலில் ஷேக்ஸ்பியரின் பெயரும் இருக்கிறது.

கண்டே ராவை அன்றே கொல்லவில்லை. 1761இல் ஸ்ரீரங்கப்பட்டணம் பணிந்தபோது, அவர் உயிரை விட்டுவிடும்படி அரண்மனைப் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். கிளிபோல வளர்க்கிறேன் என்றாராம் ஹைதர். வாக்குத் தவறவில்லை. இரும்புக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்து, பெங்களூரில் சாகும்வரை வைத்திருந்தார். மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த மார்க் வில்க்ஸ் தன் மைசூர் வரலாற்றில் எழுதியிருப்பது இது. வென்ற கம்பெனியின் அதிகாரி அவர். ஹைதரைக் கொடியவராகக் காட்டுவதில் அவருக்கு லாபம் உண்டு. ஆனாலும் ‘கிளி’ என்ற அந்தச் சொல்லாட்டத்தைக் கற்பனையில் கண்டுபிடிக்கும் நகைச்சுவை வில்க்ஸுக்கு இருந்ததாக அவருடைய மற்ற பக்கங்கள் காட்டவில்லை.

சரி, கண்டே ராவ் துரோகியா? மொழிபெயர்ப்பு வேலையில் இந்தச் சொல் எனக்கு அடிக்கடி தொல்லை கொடுப்பது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் போகிற போக்கில் போட்டுவிட்டுப் போவார். தமிழில் ‘துரோகி’ என்று எழுதியதும், யாருக்கு என்று ஒரு கேள்வி எழுந்து நிற்கும். கண்டே ராவ் ஹைதரின் உப்பைத் தின்றவர். அதே சமயம் மைசூர் அரசரின் பிரதானி. அரசரைச் சிறைவைத்தவனிடமிருந்து அரசரை மீட்கப் பார்த்தார். உடையார் பக்கம் நின்று பார்த்தால் அவர் செய்தது ராஜவிசுவாசம். ஹைதர் பக்கம் நின்றால் கூண்டு.

மார்க்கஸ் புரூட்டஸ் கதையும் இதுவே. சீசர் அவனை மன்னித்தார், பதவி கொடுத்தார், பிள்ளைபோல் நடத்தினார். சீசரைக் குத்தியவர்களில் அவனும் ஒருவன். சீசர் கடைசியாக அவனைப் பார்த்துக் கேட்டதாக உலகமே சொல்லும் அந்தக் கேள்வி ஷேக்ஸ்பியரின் 1599ஆம் ஆண்டு நாடகத்தால் பிரபலமானது. சீசரைக் காபிடோலில் கொல்வதும் நாடகம்தான்; உண்மையில் கொலை நடந்தது பாம்பே கட்டிய மண்டபத்தில். புரூட்டஸ் தன்னைத் துரோகி என்று நினைக்கவில்லை. கி.மு. 42இல் அவன் வெளியிட்ட காசில் இரண்டு குத்துவாள்கள், நடுவில் விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய், கீழே கொலை நடந்த தேதி. அடிமைத்தளையிலிருந்து உங்களை விடுவித்த நாள் இது என்று அர்த்தம். அதே ஆண்டு பிலிப்பி போரில் தோற்றுத் தற்கொலை செய்துகொண்டான். வென்றிருந்தால் அந்தக் காசு எத்தனை இந்தியப் பானைகளுக்குள் வந்து சேர்ந்திருக்கும்!

தமிழ் வாசகர்கள் இதற்கு ரோம் வரை போகவேண்டியதில்லை. ஆதித்த கரிகாலன் கொலைக்கு முதல் ஆதாரம் காட்டுமன்னார்கோவிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு. ரவிதாசன் முதலியவர்களைத் துரோகிகள் என்று குறித்து, அவர்கள் உறவினரின் நிலங்களையும் பறித்து விற்றதைச் சொல்கிறது. அதே சொல், ஆயிரம் ஆண்டுக்கு முன், கல்லில். வெட்டுவித்தது ராஜராஜனின் ஆட்சி. ரவிதாசன் தரப்புக்குக் கல்வெட்டு கிடையாது.

நஞ்சராஜர் என்ன ஆனார்? இளகிய மனத்துக்கு உரிய பரிசு கிடைத்தது. பின்னாளில் அவரைத் தந்திரமாக வரவழைத்துக் காவலில் வைத்தார் ஹைதர். அரசர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1770இல் ஒரு இளம் அரசர் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். 1776இல் வாரிசு தேட வேண்டியிருந்தபோது, உடையார் உறவில் இருந்த குழந்தைகளை ஒரு கூடத்தில் விட்டு, பொம்மைகளையும் பழங்களையும் பரப்பிவைத்தார்களாம். ஒரு குழந்தை பளபளத்த குத்துவாளை எடுத்தது. இவன்தான் ராஜா என்றாராம் ஹைதர். இதுவும் வில்க்ஸ் தரும் கதை. ரோமில் கி.பி. 41இல் காலிகுலாவை அவனது காவல் அதிகாரிகளே வெட்டிச் சாய்த்தபோது, அரண்மனைத் திரைக்குப் பின்னால் நடுங்கி ஒளிந்திருந்த கிளாடியஸின் பாதங்களை ஒரு சிப்பாய் பார்த்தான். கொல்லப்போகிறான் என்று கிளாடியஸ் காலில் விழ, சிப்பாய் அவரைப் பேரரசரே என்று அழைத்தான். யஷ்வந்த்பூரின் மூன்றாவது தலை இது.

அந்தக் கிளாடியஸ் இறந்த விதமும் மைசூருக்குப் பரிச்சயமானது. கி.பி. 54 அக்டோபரில் அவர் இறந்ததும் மனைவி அக்ரிப்பினா செய்தியை மறைத்தாள். மகன் நீரோவுக்குப் படை ஆதரவு உறுதியாகும்வரை நேரம் வேண்டும். பேரரசர் பொழுதுபோக்கு கேட்கிறார் என்று விதூஷகர்களைக்கூட உள்ளே அழைத்தார்களாம், பிணத்துக்கு முன்னால் கூத்தாட. 1782 டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே முகாமில் ஹைதர் அலி ராஜபிளவையில் இறந்தார். திப்பு மலபாரில் சண்டையில் இருந்தார். நடுவில் ஒரு பெரும் படை. அதற்குள் ஹைதரின் இரண்டாவது மகனை முன்னிறுத்திக் கலகம் செய்ய ஒரு கூட்டம். பூர்ணையா, கிருஷ்ண ராவ் என்ற இரண்டு அதிகாரிகள் மரணத்தை வெளியே விடவில்லை. வாசனைத் திரவியங்கள் இட்ட பெட்டியில் உடலை வைத்து, கஜானா போகிறது என்ற பாவனையில் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். முகாமில் வழக்கமான வேலைகள் நடந்துகொண்டிருந்தன. சில வாரங்களில் திப்பு வந்து பொறுப்பேற்றார்.

திப்பு அப்பாவைப் போலில்லை. பாதுஷா பட்டத்தைத் தானே சூடிக்கொண்டார். 1796இல் பொம்மை அரசர் இறந்தபோது அடுத்த பொம்மையை வைக்கவில்லை. சீசர் செய்ய நினைத்ததை அவர் செய்தார் என்று சொல்லலாம். அகஸ்டஸ் தவிர்த்தது அதைத்தான்.

கோட்டை வாசலிலிருந்து சாலையோரமாக நடந்தால் ஒரு கல்பலகை. 1791 மார்ச் 21 அன்று சுவரில் விழுந்த உடைப்பு வழியாக பிரிட்டிஷ் படை நுழைந்த இடம் இது என்கிறது. நுழைந்தது காரன்வாலிஸ், பத்தாண்டுக்கு முன் அமெரிக்காவில் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே காரன்வாலிஸ். கோட்டைத் தலைவர் பகதூர் கான், எழுபது வயதை ஒட்டியவர், உடைப்பில் நின்று போரிட்டு இறந்தார். அவருடைய வீரத்தை எதிரிகளே எழுதிவைத்திருக்கிறார்கள். இந்தத் தோல்வியை ஒட்டி எதிரியோடு கடிதத் தொடர்பு என்ற சந்தேகம் விழுந்தது கிருஷ்ண ராவ் மீது. ஹைதரின் உடலைப் பெட்டியில் அனுப்பிய இருவரில் ஒருவர். திப்புவின் ஆணைப்படி அவர் கொல்லப்பட்டார். மற்றவர் பூர்ணையா, 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்த பிறகு, பிரிட்டிஷார் அரியணையேற்றிய ஐந்து வயது உடையாருக்குத் திவானாகி, 1811 வரை ஆண்டார். ஏளந்தூர் ஜாகீர் பரிசு. குத்துவாளை எடுத்த குழந்தையின் மகன்தான் அந்த ஐந்து வயது அரசர். மூன்று எஜமானர்களுக்கு ஊழியம் செய்தவரைக் கர்நாடகம் நல்ல நிர்வாகி என்று நினைவில் வைத்திருக்கிறது. துரோகி என்ற பட்டம் அவரோடு ஒட்டவில்லை. அது முழுவதும் மீர் சாதிக் என்ற இன்னொரு அமைச்சருக்குப் போய்விட்டது. சம்பளப் பட்டுவாடா என்று சொல்லி உடைப்பிலிருந்து சிப்பாய்களை விலக்கியதாக அவர்மீது குற்றச்சாட்டு. அன்றே சொந்தச் சிப்பாய்களே அவரைக் கொன்றார்கள். நமக்கு எட்டப்பன் எப்படியோ அப்படி அந்தப் பக்கத்தில் மீர் சாதிக். கட்டபொம்மன் தூக்கிலேறியதும் அதே 1799இல் என்பது கவனிக்கத்தக்கது.

தாந்தே தன் நரகத்தின் அடியாழத்தில் யூதாஸோடு சேர்த்துத் தள்ளிய இருவர் புரூட்டஸும் காஷியஸும். சாத்தானின் வாயில் அவர்கள் என்றென்றும் மெல்லப்படுகிறார்கள். இக்பால் தனது பாரசீகக் காவியமான ‘ஜாவித் நாமா’வில் (1932) ஒரு படி மேலே போனார். வங்காளத்தின் மீர் ஜாஃபரையும் தக்காணத்தின் சாதிக்கையும் நரகமே ஏற்க மறுத்துவிடுகிறது.

கவிகள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நாடகக்காரர்களுக்கு அந்த வசதி குறைவு. குற்றவாளிக்கும் வசனம் எழுதியாக வேண்டும். மறுபடி பச்சை மெட்ரோவில் ஏறித் தெற்கே போனால் ஜே.பி. நகர். நடிகர் சங்கர் நாகின் நினைவாக அருந்ததி நாக் முன்னின்று 2004இல் திறந்த ‘ரங்க சங்கரா’ அரங்கம் இங்கே. மாலை ஐந்தரைக்கே டிக்கெட் ஜன்னலில் இளைஞர் கூட்டம். காப்பியும் சாபுதானா வடையும் சாப்பிட்டுக்கொண்டு நாடகத்துக்குக் காத்திருக்கும் ஒரு ஊரைச் சென்னையிலிருந்து வருகிறவர்கள் பொறாமையோடுதான் பார்க்க முடியும்.

இந்த ஊரில் வாழ்ந்து 2019இல் மறைந்த கிரீஷ் கர்னாட் 26 வயதில் எழுதிய ‘துக்ளக்’ (1964) நாடகத்துக்கும் ரோமுக்கும் நேரடி உறவு உண்டு. காலிகுலாவைப் பற்றி ஆல்பர்ட் காம்யூ எழுதிய பிரெஞ்சு நாடகத்தின் தாக்கம் அதில் உண்டு என்பது விமர்சகர்கள் வழக்கமாகச் சுட்டுவது. கர்னாடின் சுல்தானும் காலிகுலாவைப்போல அறிவாளி, லட்சியவாதி, மெல்ல மெல்லக் கொலைகாரன். தொழுகை நேரத்தில் அவனைக் கொல்லச் சதி; அதே தொழுகையில் அவன் முந்திக்கொண்டு குத்துகிறான். பெங்களூரில் அந்த வேஷத்தில் சி.ஆர். சிம்ஹாவைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். நமக்குத் துக்ளக் என்றால் சோ. ஒரே சுல்தானை வைத்து நாம் அரசியல்வாதியைப் பார்த்துச் சிரித்தோம். கன்னடியர்கள் நேரு காலத்து லட்சியங்களின் சரிவைப் பார்த்தார்கள்.

திப்புவைப் பற்றி கர்னாட் எழுதிய நாடகம் 1997இல் பி.பி.சி. வானொலிக்கானது. திப்பு தன் கனவுகளைச் சொந்தக் கையெழுத்தில் பாரசீகத்தில் எழுதி ரகசியமாக வைத்திருந்த ஏடு, அவர் இறந்தபின் கிடைத்து லண்டன் போய்ச் சேர்ந்தது. அந்தக் கனவுகளே நாடகத்தின் கரு. கன்னடத்தில் ‘டிப்புவின கனசுகளு’. 2015 நவம்பரில், மாநில அரசு முதன்முறையாகத் திப்பு ஜெயந்தி கொண்டாடியபோது, விமான நிலையத்துக்குக் கெம்பே கௌடா பெயருக்குப் பதில் திப்பு பெயர் வைத்திருக்கலாம் என்று கர்னாட் சொல்லப்போக, மிரட்டல் வந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். 2019இல் ஆட்சி மாறியதும் ஜெயந்தி நின்றது.

2022இல் மைசூர் ரங்காயணாவின் இயக்குநராக இருந்த அட்டண்ட காரியப்பா எழுதிய நாடகம் மேடையேறியது. பெயரே பதிலடி: ‘டிப்பு நிஜகனசுகளு’, திப்புவின் நிஜக் கனவுகள். இதில் திப்புவைக் கொல்வது பிரிட்டிஷ்காரர்கள் அல்ல. உரி கௌடா, நஞ்சே கௌடா என்ற இரண்டு ஒக்கலிகர்கள். பெங்களூர் சிவில் நீதிமன்றம் ஒன்று புத்தக விற்பனைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. 2023 சட்டமன்றத் தேர்தல் நெருங்கியபோது இரண்டு கௌடாக்களும் மேடையிலிருந்து இறங்கிப் பிரசாரத்துக்கு வந்துவிட்டார்கள். மாண்டியாவில் அவர்கள் பெயரில் வரவேற்பு வளைவு எழுந்தது. எதிர்ப்பு வந்ததும் பெயர் மாறியது. சினிமா எடுப்பதாகவும் அறிவிப்பு. ஆதாரம் இல்லாமல் இதை வளர்க்காதீர்கள் என்று ஆதிசுஞ்சனகிரி மடாதிபதி சொன்னபிறகு சினிமா கைவிடப்பட்டது. புரூட்டஸின் காசில் இருந்தது உண்மையான கொலை, உண்மையான தேதி. இங்கே கொலைகாரர்களையே நாடகம் தயாரித்துக் கொடுத்தது. நாடகம் என்ற அளவில் அதற்கு உரிமை உண்டு. ஷேக்ஸ்பியரும் கொலை நடந்த இடத்தை மாற்றினார். ஆனால் அவர் மாற்றிய இடத்தில் ரோமில் யாரும் வளைவு கட்டவில்லை.

கண்டே ராவை மையமாக வைத்து ஒரு நாடகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. அவரைக் கொண்டாட ஜெயந்தி இல்லை, அவர் பக்கம் பேச ஜாதிச் சங்கமும் கிளம்பவில்லை. நாடகம் எழுதுகிறவருக்கு இதைவிட என்ன சௌகரியம் வேண்டும்? ஆகஸ்ட் இரவு, திரும்பும் பீரங்கிகள், ஆற்றைக் கடக்கும் குதிரைகள் என்று ஆரம்பிக்கலாம். நடுவில் அந்தக் கடிதங்கள். கடைசிக் காட்சிக்குச் செலவே இல்லை. ஒரு கூண்டும் ஒரு கிண்ணம் பால்சோறும் போதும்.